பனியில் அடித்த ஒரு மணி

அத்தியாயம் 6

“அவன் சாவக் கூடாது மேடம். நல்லா இருக்கணும். நல்லா இருந்து, காலம் முச்சூடும் ‘நாந்தான் கொன்னேன்’னு ஊர் முன்னால சொல்லிட்டே திரியணும்.”

காரின் பின்சீட்டிலிருந்து ஆபிதா பீவி இதைச் சொன்னபோது அவள் குரலில் அழுகை இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லுகிற குரல்தான் இருந்தது. மேலப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் டீச்சர் அவள். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் ஒரு வாக்குமூலம், முழுக்க அவள் கைப்பட எழுதியது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் போடப்பட வேண்டிய கையெழுத்து சங்கிலிபூதத்தானுடையது.

முன்சீட்டில் இருந்த ஹம்ஸினி திரும்பிப் பார்க்கவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த இந்த ஏழு வருஷத்தில் கோபமான கட்சிக்காரர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையே கிடையாது. இப்படி ஃபைல் போட்டுக் கோபப்படுகிறவர்களிடம்தான் அவளுக்குப் பயம்.

“டீச்சர், அவன் கையெழுத்துப் போட்டா மார்க் எவ்வளவு குடுப்பிய?” என்றார் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பீர் மைதீன். ஹம்ஸினியின் உதவியாளர், டிரைவர், ஊர்வம்பு சேகரிப்பாளர் எல்லாம் அவரே. வயது நாற்பத்தெட்டு. வாய்க்கு மட்டும் பதினெட்டு.

“பீரண்ணே, ரோட்டைப் பாருங்கோ.”

“ரோடு எங்க மேடம் தெரியுது? மார்கழிப் பனியில செய்துங்கநல்லூரையே காணோம்.”

நடந்தது இதுதான். கனடாவின் வடக்கே ஒரு விமானநிலையம். குளிர்காலத்தில் விமானம் கிளம்புமுன் இறக்கையிலும் வாலிலும் படிந்த பனியை, சூடான திரவத்தைப் பீய்ச்சிக் கரைப்பார்கள். கரைக்காமல் பறக்கப் பார்ப்பது தற்கொலை. ஆபிதாவின் கணவன் இர்ஷாத் அந்த வேலை செய்தவன். வண்டியிலிருந்து நீளும் இரும்புக் கையின் நுனியில் ஒரு கூண்டு. அதில் நின்றபடி பீய்ச்ச வேண்டும். அவன் கூட்டாளி சங்கிலிபூதத்தான், அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான். அவன் விமானத்தின் மூக்குக்கு முன்னால் தரையில் நின்று, ஒயர் வழியாக விமானியோடு பேசுகிறவன். ‘கூண்டு வண்டி விலகியாச்சு, ஆள் விலகியாச்சு’ என்று அவன் சொன்ன பிறகுதான் விமானி விமானத்தை நகர்த்துவார். போன டிசம்பரில் ஒரு காலை ஏழு ஐம்பதுக்குச் சங்கிலி அப்படிச் சொன்னான். வண்டி விலகியிருக்கவில்லை. நகர்ந்த விமானத்தின் வால் கூண்டை இடித்தது. நாற்பதடி உயரத்திலிருந்து இர்ஷாத் விழுந்தான்.

விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சங்கிலி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வேலையை விட்டவன் ஊர் திரும்பி, வீட்டுக்கும் போகாமல் மாயமாகிவிட்டான்.

“அண்ணன்னு கூப்பிட்ட வாய் மேடம் இது,” என்றாள் ஆபிதா. “தினம் சாயங்காலம் மஃரிபு தொழுதுட்டு அவுஹளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். நாங்க நல்லாருக்கோம்னு அர்த்தம். அங்க அது காலைல. குளிர்ல அவுஹ போன் அடிக்கடி அணைஞ்சிரும். அப்ப அந்தப் பாவி போனுக்குத்தான் அடிப்பேன். ‘தங்கச்சி அடிச்சாச்சுலே’ன்னு அவன் போய்ச் சொல்லுவானாம். அவ்வளவு நம்பினோம்.”

ஹம்ஸினியின் கைப்பேசி ஒலித்தது. ஐந்தாவது தடவை. அப்பாத்துரை.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவரே அப்பாத்துரைதான். அங்கே இர்ஷாத்துக்கும் சங்கிலிக்கும் சூப்பர்வைசராக இருந்தவர். விபத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, பாளையங்கோட்டையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் திறந்திருக்கிறார். போன வாரம் ஆபிதாவைக் கையோடு அழைத்துக்கொண்டு ஹம்ஸினியின் வண்ணார்பேட்டை மாடி ஆபீஸுக்கு வந்தார். ‘இந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கணும்மா’ என்று தழுதழுத்தார்.

“கண்டுபிடிச்சாச்சாம்மா?”

“போயிண்டிருக்கோம் அண்ணாச்சி.”

“பாத்ததும் முதல்ல எனக்குச் சொல்லுங்க. அவன் பழைய போன் ஒண்ணு வச்சிருப்பான். அதை மட்டும் மறக்காம வாங்கிருங்க. அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், பாவம், மனசு கஷ்டப்படும்.”

ஹம்ஸினி போனை வைத்தாள். ஆளைத் தேடச் சொன்னவருக்கு ஆளைவிட ஆளின் போன் மேல் ஏன் இத்தனை அக்கறை? அதுவும் ஐந்து தடவையும் அதே வாக்கியம்! பிடிக்கவில்லை அவளுக்கு. ஆனால் பிடிக்காததையெல்லாம் உடனே வெளியே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன துப்பறிவாளர்?

“அந்த லாரி டிரைவர் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கோ பீரண்ணே.”

பீர் மைதீன் உற்சாகமாகிவிட்டார். முந்தின நாள் டீக்கடையில் அவர் பொறுக்கி வந்த சரக்கு அது. “ஸ்ரீவைகுண்டத்துல வாழைத்தார் ஏத்துத எடத்துல ஒரு கிறுக்கன் இருக்கானாம். லாரி வந்தா எதிர்ல நின்னு ரெண்டு கையிலயும் டார்ச்சைப் பிடிச்சு ஆட்டுதானாம். அப்படியே பின்னால பின்னால நடக்கானாம். கடைசில தலைக்கு மேல கையைக் குறுக்க வைக்கானாம். டிரைவர் சாமி வந்திருக்குன்னு நினைச்சுத் துண்டை எடுத்து இடுப்புல கட்டிட்டான் மேடம்! எனக்குத்தான் பொறி தட்டிச்சு. லாரியை ஏரோப்பிளேன் மாதிரி நிறுத்துதவன் இந்தத் தாமிரபரணிக் கரையில எத்தனை பேரு இருப்பான்?”

பேரையும் ஊரையும் ஒளித்துவிடலாம். கை பழகிய வேலையை ஒளிக்க முடியவில்லை அவனால்.

தார் ஏற்றும் களம் ஆற்றுக்கால்வாய் ஓரமாக இருந்தது. பனி இன்னும் கலையவில்லை. மண்டையில் துண்டும் உடம்பில் வாழைக்கறையுமாக ஆட்கள் தார் சுமந்துகொண்டிருந்தார்கள். ஹம்ஸினி காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். ஆபிதா கதவைத் திறக்கப் போனாள். “அஞ்சு நிமிஷம் டீச்சர். முதல்ல பார்ப்போம்” என்று தடுத்தாள் ஹம்ஸினி.

அங்கே இருந்தான். ஹம்ஸினி நினைத்ததை விட ஒல்லி. முப்பத்தைந்து வயதில் தாடி பாதி நரைத்திருந்தது. ஒரு லாரி நிறைந்துவிட்டது. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான். சங்கிலி நகரவில்லை. லாரியைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். சுமை ஏற்றிய ஆட்களை ஒவ்வொருவராகத் தோளில் தட்டி ஓரத்தில் நிற்க வைத்தான். ஐந்து பேர். நின்றுவிட்டான்.

“ஆறாவது ஆளு எங்கலே?”

“சின்னத்தொரை கால்வாய்ப் பக்கம் ஒதுங்கியிருக்கான்வே. வண்டியை விடும்வே, நேரமாவுது!”

“என் கண்ணு முன்னால வரட்டும்.”

டிரைவர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். சங்கிலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனிக்குள்ளிருந்து ஆறாவது ஆள் வந்தான். அவனையும் தோளில் தட்டிய பிறகுதான் லாரிக்கு வழிவிட்டான்.

கவனக்குறைவால் ஒருவனைக் கொன்றவன் திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குனிதலும் தட்டலும் ஒரு வருஷத்தில் வந்த பழக்கமாக ஹம்ஸினிக்குத் தெரியவில்லை. இவன் எப்போதுமே இப்படித்தான் இருந்திருப்பான். அப்படியானால் அன்றைக்கு மட்டும் என்ன ஆயிற்று?

ஆபிதா அதற்குமேல் காத்திருக்கவில்லை. இறங்கி, நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

ஓடுவான் என்று பீர் மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அவன் ஓடவில்லை. டார்ச்சுகளைக் கீழே வைத்தான்.

“வா தங்கச்சி.”

“அந்த உறவைச் சொல்லாத. நாக்கு அழுகிரும்.” ஃபைலைத் திறந்து தாளை நீட்டினாள். “கையெழுத்துப் போடு. இதை எங்க ஜமாத்துல படிப்பேன். உன் தெருவுல படிப்பேன். போலீஸ்ல குடுப்பேன். நீ உசுரோட இருக்க வரைக்கும் உன்னை விடமாட்டேன்.”

சங்கிலி பேனாவை வாங்கினான். லாரிப் பலகையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். ஒரு வரி படிக்கவில்லை. ஆபிதாவின் முகத்தில், இந்த ஒரு வருஷமும் சுமந்ததற்கு இவ்வளவுதானா என்கிற ஏமாற்றம் தெரிந்தது. எதிர்த்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“படிக்காமலே போட்டுட்டேளே?” என்றாள் ஹம்ஸினி.

“படிக்கதுக்கு என்ன இருக்கும்மா? எல்லாம் நான் செஞ்சதுதான்.”

“ஆறாவது ஆள் வராம லாரியை விடமாட்டேங்கறேள். அன்னிக்கு விமானத்தை எப்படி விட்டேள்?”

“கண்ணு தெரியல. பத்தடிக்கு அப்பால பனிச்சுவரு.”

“சரி, கண்ணு தெரியலை. இர்ஷாத்தோட பேச ரேடியோ இருந்திருக்குமே?”

சங்கிலி குனிந்து, கீழே வைத்த டார்ச்சுகளை எடுத்தான்.

“ரேடியோ இல்லையா? பின்னே வண்டி விலகிடுத்துன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

சங்கிலி ஆபிதாவைப் பார்த்தான். சட்டென்று பார்வையை எடுத்துவிட்டான். “ரேடியோ பாட்டரி குளிர்ல நிக்காதுன்னாவ. அப்பப்ப மாத்தினா விமானம் லேட்டாயிரும்னு சூப்பர்வைசரு ரேடியோவையே எடுத்து வச்சிட்டாரு. எல்லாருமே நம்ம பக்கத்து ஆளுவ. ‘மிஸ்டு கால் போதும்லே’ன்னாரு. ஒரு மணி அடிச்சு நின்னா, வேலை முடிஞ்சுது, வண்டி விலகியாச்சு. ரெண்டு மணின்னா, பொறு.”

“ரேடியோ பாட்டரி குளிர்ல நிக்காதாம். போன் பாட்டரி மட்டும் கம்பளி போத்திட்டு நிக்குமாக்கும்?” என்றார் பீர் மைதீன். ஆனால் அவர் குரலிலும் கேலி பாதியில் செத்துவிட்டது.

இங்கே யாருக்கும் அது விசித்திரமாகப் படாது. பஸ் ஏறியதும் ஒரு மணி. ஊர் சேர்ந்ததும் ஒரு மணி. சோறு ஆயிற்று என்றாலும் ஒரு மணி. எடுக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். காசை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த பழக்கம், பேச்செல்லாம் இலவசமான பிறகும் கையைவிட்டுப் போகவில்லை. வேறு எந்த ஊர்க்காரன் கேட்டிருந்தாலும் ‘உசிர் போற வேலையில் இது என்ன விளையாட்டு?’ என்று மறுத்திருப்பான். நம் ஆட்களுக்கு இயல்பாகப் போயிற்று.

“அன்னிக்கு ஒரு மணி வந்ததா?”

“வந்துச்சும்மா. போனு உள்சட்டைப் பையில இருந்துச்சு. நெஞ்சுல ஒரு தடவை அதிர்ந்துச்சு, நின்னுச்சு. மேல மூணு சட்டை, கையில தடிச்ச உறை. எடுத்துப் பாக்காம விமானிகிட்ட சொல்லிட்டேன்.”

“எடுத்துப் பார்த்திருந்தா யார் பேர் இருந்திருக்கும்?”

“இர்ஷாத் பேருதான்.” பதில் அவசரமாக வந்து விழுந்தது.

கேட்டிருக்கக் கூடாது என்று ஹம்ஸினிக்கு அப்போதுதான் உறைத்தது. வேலையே இன்னும் முடியாதபோது, கூண்டில் நின்று பீய்ச்சிக்கொண்டிருந்தவன் எதற்கு ‘முடிந்தது’ என்று மணி அடிக்கப் போகிறான்? பேச்சை வேறு பக்கம் திருப்ப அவள் வாயைத் திறந்தாள். கணக்கு டீச்சர் முந்திக்கொண்டாள்.

“அங்க ஏழு அம்பது,” என்றாள் ஆபிதா மெதுவாக. “பத்தரை மணி நேரம் கூட்டணும். ஆறு இருபது. சாயங்காலம் ஆறு இருபது.”

“தங்கச்சி, பைய உக்காரு. வெயிலு வரட்டும், பேசுவோம்.”

“அன்னைக்கு அவுஹளுக்கு அடிச்சேன். அணைஞ்சு கிடந்துச்சு. தொழுத பாய்ல இருந்து எந்திரிக்கக்கூட இல்ல. உடனே...”

“அது நீ இல்ல! அது வேற யாரோ அடிச்சது!” சங்கிலி கத்தினான். சுமைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உனக்குத்தானே அடிச்சேன் அண்ணே!”

ஒரு வருஷமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. வாழைச்சருகின் மேல் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் முகத்தில் அறைந்துகொண்டாள். பீர் மைதீன்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். ஹம்ஸினிக்குத் தன் தொழிலின் மேலேயே வெறுப்பாக இருந்தது. உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் வந்தாள். இந்த உண்மை யாருக்கு வேண்டும்? கீழே கிடந்த வாக்குமூலத்தைப் பீர் மைதீன் எடுத்து, நாலாகக் கிழித்து, தன் பையில் திணித்துக்கொண்டார்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று ஹம்ஸினிக்குத் தெரியும். தானும் மகனும் நலம் என்று சொல்ல வீட்டிலிருந்து ஒரு பெண் அடித்த மணி ஒரு விமானத்தை நகர்த்தியது என்றால், தப்பு அந்த மணியை அடித்தவள் மேல் இல்லை.

“உங்க போன் எங்கே?”

“ஆத்துல போட்டுட்டேன்.”

“ஆத்துல போட்ட போனைத் தேடி வாங்கிண்டு வரத்தான் அப்பாத்துரை என்னை அனுப்பியிருக்கார்.”

சங்கிலியின் முகம் மாறியது. “அவரா அனுப்பினாரு? அவரா இந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தது?”

“அவர்தான். நீங்க கவனமில்லாம கொன்னுட்டதா வாராவாரம் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிண்டிருக்கார். அவங்க கோபம் ஆறிடாமப் பார்த்துண்டிருக்கார்.”

சங்கிலி களத்து ஓரத்துக் கொட்டகைக்குள் போனான். பாலிதீன் தாளில் சுற்றிய ஒரு போனோடு வந்தான். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஒரு குரல் பதிவைத் தட்டினான்.

அப்பாத்துரையின் குரல்தான். தழுதழுப்பு மட்டும் இல்லை. ‘ஏலே சங்கிலி, நீயும் இர்ஷாத்தும் ரேடியோ ரேடியோன்னு உயிரை வாங்காதிய. புயல்னா என்ன? நாளைக்கும் மிஸ்டு கால்தான். என் ஷிப்ட்ல ஒரு விமானமும் லேட்டாகக் கூடாது. அஞ்சு நிமிஷம் லேட்டாச்சு, ரெண்டு பேரையும் ஊருக்குப் பத்தி விட்டுருவேன். அப்புறம் பொண்டாட்டிகிட்டப் போயி மிஸ்டு கால் குடுங்க.’ பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம்.

“விபத்துக்கு முந்தின நாள் அனுப்பினது,” என்றான் சங்கிலி. “விசாரணையில ‘ரேடியோ இருந்துச்சு, இவனுவதான் போன்ல விளையாடினானுவ’ன்னு சொல்லிட்டாரு.”

“இதை ஏன் குடுக்கலை?”

“குடுத்தா முழுப் போனையும் பாப்பாவல்லாம்மா? அதுல ஆறு இருபதுக்கு இந்தப் பிள்ளை பேரு கிடக்கு. நாளைக்கு இர்ஷாத் மவன் வளந்து கேப்பாம்லா. பழி எம் பேரோட போவட்டும்னு விட்டுட்டேன்.”

ஆபிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. எழுந்து, உடையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த ஹம்ஸினி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். காரில் வந்தபோது இருந்தது வெறும் கோபம். இப்போது இருந்தது அது அல்ல.

“அந்த அப்பாத்துரை ஆபீஸ் வாசல்ல போர்டு பாத்தேன். இந்த மாசம் பன்னெண்டு பேர் போறாங்களாம். அதே வேலைக்கு.”

“ஆமா டீச்சர். எங்க தெருவுலயே ஒரு பையன் பெட்டி கட்டிட்டான்,” என்றார் பீர் மைதீன்.

“போனைக் குடு அண்ணே.”

“வேண்டாம் தங்கச்சி. இது வெளிய போச்சுன்னா உன் பேரும் போவும். ஊரு வாயி மூடாது.”

“போவட்டும். நான் அடிச்ச மணி அது, நான் மறைக்கப் போறதில்ல. என் மவன்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் நானே சொல்லிக்கிடுதேன்.” கையை நீட்டியபடியே நின்றாள். “ஒரு வருஷமா என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் கண்ணீரைத் துடைச்சுவிட்டு, என்னையே உன் மேல ஏவி விட்டான் அவன். அவனை நான் விடவா?”

சங்கிலி போனை அவள் கையில் வைத்தான்.

ஹம்ஸினியின் கைப்பேசி ஆறாவது தடவை ஒலித்தது. அப்பாத்துரை. ஆபிதா கையை நீட்டினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு ஹம்ஸினி கொடுத்தாள்.

“அண்ணாச்சியா? நான் ஆபிதா பேசுதேன்.” தேனில் தோய்த்த குரல். பீர் மைதீன் வாயைப் பிளந்துவிட்டார். “ஆளு கிடைச்சுட்டான் அண்ணாச்சி. உங்க தயவுதான். கையெழுத்தும் போட்டுட்டான். ஆமா, போனு இருக்கு. என் கையிலதான். அதுல என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? மேடத்துக்கிட்டக் கூடக் குடுக்கல. உங்க கையிலதான் குடுப்பேன். ஸ்ரீவைகுண்டம், தார் ஏத்துத களம். நேர்ல வாங்க. எவ்வளவு நேரம் ஆவும்? சரி அண்ணாச்சி. பனியா இருக்கு, பாத்து வாங்க.”

வைத்துவிட்டு கைப்பேசியை ஹம்ஸினியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“முக்கால் மணி நேரத்துல வாராராம் மேடம். அதுக்குள்ள போலீஸ் வந்துருமா?”